'ஆன்மிகத் தேவை' என்ற கட்டத்தில் மதத்தைக் கேட்கும் நிர்வாகத்துக்கு, மூன்றாம் மாடி வார்டிலிருந்து

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர், மருத்துவக் கண்காணிப்பாளர், நர்சிங் சூப்பிரண்டெண்ட் ஆகியோருக்கு,

சென்ற மாதம் எல்லா வார்டு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றியும், அது ஒட்டப்பட்ட ஒன்பதாம் நாள் எங்கள் வார்டு ஜூனியர் சிஸ்டர் ஒருவருக்கு, 'மூடநம்பிக்கைச் சடங்குக்கு அனுமதி' கொடுத்தார் என்று நீங்கள் கொடுத்த மெமோவைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். இரண்டையும் இன்சார்ஜ் மீட்டிங்கில் பேசிப் பார்த்தேன். "ஆடிட் முடியட்டும் சிஸ்டர், இப்ப எதையும் கிளப்பாதீங்க" என்றார்கள். ஆடிட் முடிந்துவிட்டது, மெமோ மட்டும் அந்தப் பெண்ணின் ஃபைலில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் 13 வருஷம் இதே மூன்றாம் மாடியில். கேன்சர் முற்றியவர்கள், கிட்னி போனவர்கள், பக்கவாதத்தில் விழுந்து எழாதவர்கள் கடைசியாக வந்து சேர்கிற வார்டு அது என்பது உங்களுக்கே தெரியும்.

சுற்றறிக்கை சொல்வது இது. அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் கம்ப்யூட்டரில் 'ஆன்மிகத் தேவை' என்ற பக்கத்தை நர்ஸ் நிரப்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம். தொட்டால் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், மற்றவை என்று நான்கு விழும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் 'தேவை பூர்த்தி செய்யப்பட்டது' என்று தானாகவே ஒரு பச்சை டிக் வந்துவிடுகிறது. இது போக, காலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரில் பக்திப் பாடல்கள், வாரம் இரண்டு நாள் வார்டுக்கு வரும் பிரார்த்தனைக் குழு. கடைசி வரியில், 'சிகிச்சைக்குத் தொடர்பில்லாத உரையாடல்களில் நர்ஸ்கள் ஈடுபடக் கூடாது.' முதல் மூன்றும் கடைசி ஒன்றும் ஒரே தாளில் எப்படி வந்தன என்று நாங்கள் டீ குடிக்கும்போது சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் பெட்டில் இருந்த பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். வயது எழுபதுக்கு மேல், கணையத்தில் கேன்சர், மஞ்சள் காமாலை ஏறிய உடம்பு. இளம் வயதிலிருந்தே பெரியார் தொண்டர், வந்த அன்றும் கருப்புச் சட்டையில்தான் வந்தார். கேஷுவாலிட்டியில் பெயரைக் கேட்ட கிளார்க் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் 'இந்து' என்று தட்டிவிட்டார், டிக் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பிரார்த்தனைக் குழு வந்தபோது பட்டியலில் இந்து என்று இருந்ததைப் பார்த்து, தூங்கிக்கொண்டிருந்தவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். விழித்துக்கொண்டவர் துடைத்திருக்கிறார். துடைத்தது கேனுலா போட்ட கை. ஊசி பிடுங்கிக்கொண்டு, நான் போய்ப் பார்த்தபோது தலையணை உறையிலிருந்து போர்வை வரைக்கும் ரத்தம், நெற்றியில் பாதி விபூதி, பாதி ரத்தம். "யாரு சிஸ்டர் இது, என்னைக் கேக்காம?" என்றார். அதட்டலாகக்கூட இல்லை, குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் பஞ்சை எடுத்து இரண்டையும் சேர்த்துத் துடைத்தேன்.

மறுநாள் கட்டத்தை 'மற்றவை' என்று மாற்றினேன். அதற்கும் பச்சை டிக் விழுந்தது. மற்றவருக்கு என்ன தேவையை நாம் பூர்த்தி செய்தோம் என்பது கம்ப்யூட்டருக்குத்தான் வெளிச்சம். 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் சாதி, மதம் இல்லாதவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார், பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தாலுகா ஆபீசில் கிடைத்தது நம் சாஃப்ட்வேரில் கிடைக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது விபூதி விஷயம் அல்ல. அவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தூக்கம் வராது, பெல் அடித்துக்கொண்டே இருப்பார். வலி என்பார். மார்ஃபின் அளவை இரண்டு முறை கூட்டியும் பெல் நிற்கவில்லை. ஒரு ராத்திரி டியூட்டியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி தவிர வேற ஏதாவது கிடந்து உறுத்துதா ஐயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருக்கிறார். எழுதினால் மட்டும் போதாது, செத்த பிறகு வீட்டார்தான் ஒப்படைக்க வேண்டும். பெரிய மகன் இப்போது மலைக்கு மாலை போடுகிறவர், சின்ன மருமகள் வீட்டில் எல்லாம் சாஸ்திரம். "நான் கண்ண மூடுன உடனே சங்கு ஊதி, பட்டை போட்டு, கொண்டுபோய் எரிச்சிருவானுங்க. வாழ்ந்தது பூரா பொய்யாப் போயிரும்." ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அவரை வலித்தது இதுதான்.

மறுநாள் சமூகப் பணியாளரிடம் சொல்லி இரண்டு மகன்களையும் வரவழைத்தோம். உடல் தானப் படிவத்தின் நகலை மூத்தவரே கொண்டு வந்தார், அப்பாவின் முன்னால் கேஸ் ஷீட்டில் வைத்துப் பின் அடித்தோம். அதன் பிறகு மார்ஃபின் அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை. பெல் அடித்தார்தான், தண்ணீருக்கு. ஆறாம் நாள் போய்விட்டார், உடல் கல்லூரிக்குப் போனது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூத்தவர் மட்டும் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் இருந்திருந்தால் அதற்கும் ஒரு திட்டு விழுந்திருக்கும்.

கடவுளே இல்லை என்று சொன்ன அந்த மனிதருக்கு இருந்ததை எங்கள் நர்சிங் புத்தகம் 'ஸ்பிரிச்சுவல் டிஸ்ட்ரெஸ்' என்று சொல்லும், வாழ்ந்ததற்கு அர்த்தம் என்ன என்று உள்ளுக்குள் தவிக்கிற தவிப்பு. நம்முடைய கம்ப்யூட்டர் பக்கத்தில் அதை எழுத இடமில்லை. சுற்றறிக்கை கெட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மருத்துவமனைத் தரத்தைப் பார்க்கிற ஆடிட்காரர்களின் ஆங்கில வரியில் இருந்த 'ஸ்பிரிச்சுவல்' என்ற சொல்லை யாரோ 'ஆன்மிகம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்று கடைத்தெருவில் என்ன அர்த்தம்? ஆன்மிகச் சுற்றுலா என்றால் நவக்கிரகக் கோயில்களுக்கு பஸ். ஆன்மிகப் பக்கம் என்றால் ராசிபலனும் பரிகாரமும். டிவியில் ஆன்மிகம் என்றால் காலை ஐந்தரை மணி. அப்படி இருக்கும்போது 'ஆன்மிகத் தேவை' என்று தலைப்புப் போட்டால் கிளார்க்கும் சரி, நர்ஸும் சரி, நோயாளியும் சரி, கோயில், சர்ச், பள்ளிவாசல் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

நோயாளிகள் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. அவர்கள் சொல்வது வேறு. "மனசு ஆறல சிஸ்டர்." "ஒரே ஒரு குறை இருக்கு." "அவன் மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்." இன்னொன்று, நம் கிழவர்கள் எல்லோரும் சொல்வது: "அது நடக்கலன்னா என் கட்டை வேகாது." இதை ஒரு கிறிஸ்தவப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், புதைக்கிறவர்கள் வீட்டுப் பாட்டி. வேகப் போகிற கட்டையே இல்லை, ஆனாலும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. மூன்று வருஷம் பேசாத தங்கச்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கட்டை வேகாது என்று ஒருவர் சொல்வதைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

பாடப் புத்தகம் என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெமோவில் 'தொழில் நெறிக்கு முரணாக' என்று எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் பிரச்சினைகளை நர்ஸ் கண்டறிந்து எழுதுவதற்கான நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலில் 'ஸ்பிரிச்சுவல் டிஸ்ட்ரெஸ்' 1978லேயே வந்துவிட்டது. மத அனுஷ்டானத்தைத் தொடர முடியாமல் தவிப்பதற்கு அதே பட்டியலில் தனியாக இன்னொரு பெயர் இருக்கிறது. இரண்டு பெயர், இரண்டு கவனிப்பு. எல்லா நர்ஸும் முதல் வருஷம் படிக்கிற நர்சிங் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன, நோயாளியின் 14 தேவைகளில் 11ஆவது, அவரவர் நம்பிக்கைப்படி வழிபட உதவுவது. அவரவர் என்றால் நோயாளியின் நம்பிக்கை. நர்ஸுடையதோ நிர்வாகத்துடையதோ அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலி நிவாரண சிகிச்சைக்கு (பாலியேட்டிவ் கேர்) கொடுத்த விளக்கத்திலும் உடல், மனம், சமூகம் ஆகியவற்றோடு 'ஸ்பிரிச்சுவல்' என்பதும் இருக்கிறது. அங்கேயும் மதம் என்று போடவில்லை.

சிசிலி சாண்டர்ஸ் பற்றி நம் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடமே எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் நர்ஸ், முதுகு வலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அப்புறம் படித்து டாக்டர். உடல் வலி, மன வலி, குடும்பம் பணம் பற்றிய வலி, அர்த்தம் பற்றிய வலி எல்லாம் சேர்ந்த ஒட்டுமொத்த வலி என்று ஒன்று உண்டு என்றவர். அவரே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அவரை இந்த வழிக்குக் கொண்டு வந்ததோ போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், கேன்சர் நோயாளி, மத விஷயத்தில் பெரிய பிடிப்பு இல்லாதவர். லண்டனில் சொந்த பந்தம் இல்லாமல் நாற்பது வயதில் செத்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாழ்க்கையால் யாருக்கு என்ன பயன் என்ற அவருடைய கேள்வியை சாண்டர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மதம் மாற்றவில்லை. 1948இல் அவர் இறந்தபோது 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார், சாகக் கிடக்கிறவர்களுக்காக நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்கு என்று. அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், திறந்தது 1967இல். பத்தொன்பது வருஷம் கழித்து அந்த ஜன்னல் வந்தது. இதைச் சொல்லும்போது வகுப்பில் மேடம் குரல் கம்மியதை நான் மறக்கவில்லை. அதே மேடத்தின் கையெழுத்து இந்த மெமோவில் இருப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இப்போது மெமோவுக்கு வருகிறேன்.

பதினாலாம் பெட்டில் ஒரு அம்மா, எண்பது வயதிருக்கும், வானம் பார்த்த பூமிக்காரர், மிளகாயும் சோளமும் போட்ட குடும்பம். பக்கவாதம், அதன் மேல் நிமோனியா. இனி ஐ.சி.யூ. வேண்டாம் என்று குடும்பமும் டாக்டரும் பேசி முடிவு செய்து வார்டுக்குக் கொண்டு வந்தது. நினைவில்லை, விழுங்கும் சக்தி இல்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பதினொரு நாள். மகள்கள் மாறி மாறித் தரையில் பாய் போட்டுக் கிடந்தார்கள். பத்தாம் நாள் மூத்த மருமகள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே அவர்கள் காட்டு மண், ஒரு கை அளவு. அந்த அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உழைத்த காடு, கடனுக்கு அடகு போய் அவர் சண்டை போட்டு மீட்ட காடு. இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு மண்ணாசை இருந்தால் மண்ணைக் கரைத்து வாயில் விடுவதும், பொன்னாசை இருந்தால் காசை உரசி விடுவதும் நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் நடப்பது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் பார்த்தும் இருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் பார்க்காத மாதிரி இருக்கிறோம்.

ஜூனியர் சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? மெமோவில் இருப்பது போல 'மூடநம்பிக்கைச் சடங்குக்கு அனுமதி' எதுவும் கொடுக்கவில்லை. வாயில் விடக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார். விழுங்க முடியாதவருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாலும் நேராக நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டும் என்று மருமகளுக்குப் புரியும்படி விளக்கினார். ஆனால் பையைத் தூக்கி வெளியே போடச் சொல்லவில்லை. ட்ரிப்ஸ் இல்லாத இடது கையை விரித்து, அதில் அந்த மண்ணைக் கொஞ்சம் வைக்கச் சொல்லி, விரல்களை மருமகளே மூடும்படி விட்டார். இன்னொரு கையில் சுத்தத் தண்ணீர் தொட்ட காஸ் துணியால் உதட்டை நனைத்தார். மருமகள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "நம்ம காடு நம்மகிட்டதான் இருக்கு அத்த, யாருக்கும் விக்க மாட்டோம், நீங்க நிம்மதியாப் போங்க" என்றார். திரைக்கு இந்தப் பக்கம் பதிமூன்றாம் பெட் அட்டெண்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கால் மணி நேரம் கழித்து ஜூனியர் மண்ணை அதே பையில் எடுத்துக் கட்டிக் கொடுத்து, அம்மாவின் கையைக் கழுவித் துடைத்து, பெட்ஷீட் மாற்றினார். இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை அந்தப் பெண். ட்ரிப்ஸ் கையில், புண் இருக்கிற இடத்தில் மண் வைத்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

அந்த அம்மா மறுநாள் விடியற்காலம் போனார். மண் வைத்ததால் போனார் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த மூச்சு எப்படியும் அன்றோ மறுநாளோ நிற்கிற மூச்சுதான். ஆனால் பத்து நாளாக வார்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்த குடும்பம், பில்லைப் பார்த்துக் கத்திய குடும்பம், போகும்போது அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனது.

யார் சொன்னார்களோ, சிசிடிவியில் யார் பார்த்தார்களோ, மூன்றாம் நாள் மெமோ வந்தது. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அது ஆன்மிகத் தேவை, தூங்குகிறவர் நெற்றியில் கேட்காமல் பூசினால் அது தேவை பூர்த்தி, தன் காட்டு மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரு கிழவி சாவது மட்டும் மூடநம்பிக்கையா? அந்த அம்மாவின் கம்ப்யூட்டர் பக்கத்தில் 'இந்து' என்று பச்சை டிக் இருந்தது. அதில் அந்தக் காடு எங்கே இருந்தது?

இப்படி எழுதுவதால் மதம் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள்தான். மதத் தேவையையும் நாம் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் என் புகார். 'கிறிஸ்தவர்' என்று ஒரே கட்டம். ஆர்.சி. அம்மா ஒருவர் நோயில்பூசுதல் கேட்டால் அதைக் கொடுக்க அவர்களுடைய குருவானவர்தான் வர வேண்டும். பட்டியலைப் பார்த்து வந்ததோ வேறொரு சபையின் பாஸ்டர். "நல்ல மனுஷன்தான் சிஸ்டர், பாட்டு நல்லாப் பாடினாரு, ஆனா எங்க சாமியார் இல்லையே" என்றார். சாமியார் வந்தது அடுத்த நாள் மாலை, அப்போது அந்த அம்மாவுக்கு யார் வந்திருக்கிறார் என்று தெரியவில்லை. ஒரு முஸ்லிம் பெரியவருக்குக் கடைசி நேரத்தில் முகத்தை கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்கும் திசைக்கு, திருப்ப வேண்டும் என்று மகன் கேட்டார். நம் ஊருக்கு அது மேற்கே. ஆக்ஸிஜன் லைன் எட்டாது என்று அந்த நேரத்தில் கட்டிலைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கலிமா சொல்ல வந்த தம்பியை விசிட்டிங் ஹவர் முடிந்தது என்று செக்யூரிட்டி கீழேயே நிறுத்தினார். இவருடைய கம்ப்யூட்டர் பக்கத்திலும் பச்சை டிக் இருந்தது. முந்தின நாளே யாராவது கேட்டிருந்தால் மேற்குச் சுவர் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது நர்ஸ்கள் பக்கத்துத் தப்பு, அதையும் மறைக்கக் கூடாது. எங்களில் சிலர் நோயாளிக்காக அவர் முன்னாலேயே ஜெபம் செய்கிறோம், சிலர் கயிறு கட்டிவிடுகிறோம், சிலர் கோயில் பிரசாதத்தை வாயில் போடுகிறோம், சர்க்கரை நோயாளி என்றுகூடப் பார்க்காமல். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. டயாலிசிஸில் இருந்த ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "ஊசி போடுற கை சிஸ்டர், அந்தக் கை கயிறு கட்ட வந்தா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" அன்றைக்கு எனக்கு உறைத்தது. வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பிரசாதம் கொடுத்தால் மறுக்கலாம். படுத்த படுக்கையில், பெட்பேனுக்குக்கூட நம்மைக் கூப்பிட வேண்டிய நிலையில் இருக்கிறவர் மறுக்க முடியாது. அதனால் நாம் நீட்டவே கூடாது, அவராகக் கேட்டால் தவிர.

நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், லேபர் வார்டில், குழந்தை செத்துப் பிறந்த ஒரு பெண்ணிடம், எல்லாம் கடவுள் சித்தம்மா, மனசத் தேத்திக்க என்றேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க கடவுளுக்கு எம்புள்ள என்னா செஞ்சுச்சு?" என்றாள். இருபது வருஷம் ஆகிறது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் மடியில் கொஞ்ச நேரம் கொடுத்திருப்பேன். யாரும் கொடுக்கவில்லை. பார்க்காமல் இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

கோழிக்கோட்டுக்கு ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன், 1993இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் சின்னதாகத் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவி, 2008இல் அந்த மாநில அரசே கொள்கை வகுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அங்கே முதலில் சொல்லித் தந்தது நின்றுகொண்டு பேசாதே, உட்கார் என்பதுதான். நின்றுகொண்டு கேட்டால் நோயாளி 'பரவாயில்ல சிஸ்டர்' என்பார், உட்கார்ந்து கேட்டால் விஷயத்தைச் சொல்வார். திரும்பி வந்து பார்த்தால் நம் வார்டில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள், நடைபாதை மறைகிறது என்று. ஒன்பதாம் பெட் பெரியவரிடம் உட்கார்ந்த ஸ்டூல், அட்டெண்டர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் ஸ்டூல்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ராத்திரியில் இருபத்தி நான்கு பேருக்கு இரண்டு நர்ஸ், நேரம் இல்லைதான். ஆனால் இதற்கென்று தனி நேரமும் நான் கேட்கவில்லை. டிரெஸ்ஸிங் செய்யும் பத்து நிமிஷம் கை வேலை செய்யும், வாய் சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில் 'காடு யார் பாத்துக்குறா' என்று கேட்டால் அது உங்கள் சுற்றறிக்கைப்படி சிகிச்சைக்குத் தொடர்பில்லாத உரையாடல். அது வந்ததிலிருந்து ஜூனியர்கள் வாயை மூடிக்கொண்டு டிரெஸ்ஸிங் செய்கிறார்கள். கேமரா இருக்கிறதாம். நோயாளிகள் என்னிடம் கேட்கிறார்கள், "அந்தப் புள்ளைக்கு எங்க மேல என்ன கோவம்?" என்று.

எனவே நான் கேட்பவை இவை.

ஜூனியர் சிஸ்டருக்குக் கொடுத்த மெமோவை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும், அது அவருடைய ஃபைலில் இருக்கக் கூடாது. அவர் அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போனால்கூட இது பின்னால் வந்து நிற்கும்.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். 'மதம், வழிபாடு' என்று ஒரு கட்டம் இருக்கட்டும், அதில் 'சொல்ல விருப்பமில்லை', 'எதுவும் இல்லை' என்ற இரண்டும் சேர வேண்டும், எந்தச் சபை, யாரைக் கூப்பிட வேண்டும், கடைசி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுத இடம் வேண்டும். அதை நோயாளியிடமோ, அவர் பேச முடியாவிட்டால் வீட்டாரிடமோ கேட்டு நிரப்ப வேண்டும், பெயரைப் பார்த்து கிளார்க் தட்டக் கூடாது. இன்னொரு கட்டத்துக்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்காதீர்கள். 'மனதில் எது உறுத்துகிறது, யாரைப் பார்க்க வேண்டும், எது நடந்தால் நிம்மதி' என்று நம் தமிழில் கேள்வியாகவே போடுங்கள். நாலு வரி எழுத இடம் விடுங்கள். தானாக விழும் பச்சை டிக்கை எடுத்துவிடுங்கள், டியூட்டி மாறும்போது செய்கிற ஹேண்ட்ஓவரில் அந்த நாலு வரியையும் படிக்கச் சொல்லுங்கள்.

பிரார்த்தனைக் குழு எந்த மதத்தினுடையதாக இருந்தாலும், நோயாளி கேட்டால் மட்டும் அவர் கட்டிலுக்கு வரட்டும். தூங்குகிறவரை யாரும் தொடக் கூடாது. காலை ஆறு மணி ஸ்பீக்கரை வார்டுகளில் நிறுத்துங்கள், வேண்டியவர்கள் போனில் இயர்போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். ராத்திரி முழுக்க வலியில் விழித்திருந்து ஐந்தரைக்குத்தான் கண் அசருகிறவர்களுக்கு அந்தப் பாட்டு எந்தச் சாமியின் பாட்டு என்பது முக்கியமில்லை. நர்ஸ்கள் தாமாக எந்த மதச் செயலையும் நோயாளியிடம் செய்யக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள், அதற்கு முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

'சிகிச்சைக்குத் தொடர்பில்லாத உரையாடல்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். கடைசி நாட்களில் இருக்கிறவர்களுக்கு விசிட்டிங் ஹவரைத் தளர்த்த, செக்யூரிட்டியிடம் பேசும் அதிகாரத்தை வார்டு இன்சார்ஜுக்குக் கொடுங்கள். வீட்டார் எதையாவது கொண்டு வந்தால், மண்ணோ, தீர்த்தமோ, ஜெபமாலையோ, பழைய போட்டோவோ, எது வாய்க்குப் போகக் கூடாது, எது காயத்தில் படக் கூடாது, எது கையில் இருக்கலாம் என்று இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதித் தர நான் தயார், என் ஓய்வு நாளில் வருகிறேன்.

அப்புறம், ஒரு வார்டுக்கு ஆறு ஸ்டூல்.

இதற்கு உங்கள் பதிலைச் சுற்றறிக்கை ஒட்டிய அதே போர்டில் பதினைந்து நாளுக்குள் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். கூப்பிட்டால் அந்த ஜூனியர் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்